கரையோடு நின்ற ரயில்: பினாங்கின் தண்டவாள வரலாறு

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில், வெல்ட் கீ சாலையில், கடலைப் பார்த்தபடி மணிக்கூண்டோடு ஒரு கட்டடம் நிற்கிறது. இன்று அது விஸ்மா காஸ்தாம், சுங்கத்துறைக்குரிய இடம். 1907ல் கட்டி முடித்தபோது அது ரயில்வேயின் கட்டடம். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போகிறவர்கள் இங்கே பயணச்சீட்டு வாங்கினார்கள். பிறகு படகேறி எதிர்க்கரைக்குப் போய், பிறை நிலையத்தில் ரயிலைப் பிடித்தார்கள். நிலையம் தீவில் இருந்தது. தண்டவாளம் பெருநிலத்தில் இருந்தது.

ரயில் வராத ரயில் நிலையம் என்று இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. அப்படி நகர்ந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். மலாயாவின் ரயில் யாருக்காகப் போடப்பட்டது, எந்தப் பணத்தில் போடப்பட்டது, யார் உழைப்பில் எழுந்தது என்ற மூன்று கேள்விகளும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் கடலில்தான் வந்து கூடுகின்றன. இக்கட்டுரை அவற்றை வரிசையாக எடுத்துப் பார்க்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாயாவின் தொடக்ககால ரயிலை நாட்டை இணைக்க வந்த திட்டமாகப் படித்தால் அது புரியாது. துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுவரப் போட்ட துண்டுப் பாதைகளாகப் படித்தால் புரியும். அந்தத் துண்டுகளை ஒன்றாக்கிய கைகளில் பெரும்பகுதி தமிழருடையது. அந்தப் பங்கு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

துறைமுகங்களின் அச்சம்

உலகின் பல பகுதிகளில் முதல் ரயில் பாதைகளைத் தொடங்கிவைத்தது துறைமுக நகரத்து வணிகர்களின் அச்சம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் நல்ல உதாரணம். 1825ல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டதும், உள்நாட்டுத் தானியமும் சரக்கும் நியூயார்க்குக்குத் திரும்பிவிடும் என்று பால்டிமோர் வணிகர்கள் பயந்தார்கள். 1827ல் ரயில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுவே பால்டிமோர் அண்ட் ஓஹாயோ ரயில்வே. 1828 ஜூலை 4ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். 1830ல் முதல் 13 மைல் திறந்தது. ஓஹாயோ நதிக்கரையை எட்ட 1850களின் தொடக்கம் வரை ஆனது. தெற்கே சார்ல்ஸ்டன் நகரமும் இதையே செய்தது. சவானா நதி வழியாகப் போய்க்கொண்டிருந்த பருத்தியைத் தன் பக்கம் திருப்ப, ஹாம்பர்க் என்ற ஊர்வரை 136 மைல் பாதை போட்டது. 1833ல் அது முடிந்தபோது உலகிலேயே நீளமான ரயில் பாதை அதுதான். பால்டிமோர் பாதையில் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் உழைத்தார்கள். தெற்கத்திப் பாதைகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் உழைத்தார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து இதே கதை மலாக்கா நீரிணையில் நடந்தது. 1786ல் பிரான்சிஸ் லைட் கால் பதித்த பினாங்கு, 1819க்குப் பிறகு சிங்கப்பூரின் நிழலில் விழுந்தது. கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவிலான பெரிய வணிகத்தைச் சிங்கப்பூர் வாரிக்கொண்டது. பினாங்குக்கு எஞ்சியது சுற்றுப்புறம்: வட சுமத்ரா, தென் சயாம், கெடா, பேராக். இவற்றில் பேராக்கின் லாருட் பகுதியில் 1840களில் ஈயம் (வெள்ளீயம்) கிடைத்தது பினாங்கின் தலையெழுத்தை மாற்றியது. லாருட் சுரங்கங்களுக்கு முதல் போட்டவர்கள் பினாங்கின் சீன வணிகர்கள். ஆட்களும் அரிசியும் பினாங்கிலிருந்து போயின. ஈயம் பினாங்குக்கு வந்தது. சுரங்கத்துக்காக கீ ஹின், ஹை சான் என்ற சீன ரகசியச் சங்கங்கள் போட்ட சண்டையின் வேரும் ஜார்ஜ்டவுன் தெருக்களில் இருந்தது. 1874ல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாகி, பேராக்கில் ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் ஆலோசகர் வந்து உட்கார்ந்தார். அமைதி திரும்பியதும் சுரங்கத்திலிருந்து கடலுக்கு வேகமான வழி தேவைப்பட்டது. யானையும் மாட்டுவண்டியும் சேற்றுப் பாதையில் இழுத்த ஈயம் மழைக்காலத்தில் நகரவே இல்லை.

எட்டு மைல் பாதை

1885 ஜூன் 1ஆம் தேதி லாருட்டின் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ரயில் ஓடியது. தீபகற்பத்தின் முதல் ரயில் அதுதான். நீளம் 8 மைல், சுமார் 13 கிலோமீட்டர். மீட்டர் அகலத் தண்டவாளம். அப்போது பேராக்கின் ரெசிடென்ட் ஹியூ லோ. போர்ட் வெல்ட் என்ற பெயர் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் பிரெட்ரிக் வெல்டை நினைத்து வைக்கப்பட்டது. இன்று அந்த ஊர் கோலா செபாத்தாங்.

அந்த 8 மைல் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால் இந்த ரயிலின் இயல்பு விளங்கும். போர்ட் வெல்ட் சதுப்புக் காட்டுக்கு நடுவே, ஆற்றோரத்தில் இருந்த சிறு படகுத்துறை. அங்கே பெரிய கப்பல் வராது. ரயிலில் வந்த ஈயம் சிறு கப்பலில் ஏறிப் பினாங்குக்குப் போகும். அங்கிருந்து உலகச் சந்தைக்குப் போகும். பாடநூல்கள் தைப்பிங்கையும் போர்ட் வெல்டையும் இரு முனைகளாகக் காட்டுகின்றன. வணிகக் கணக்கில் பார்த்தால் அந்தப் பாதையின் கடைசி நிலையம் ஜார்ஜ்டவுன்.

மற்ற மாநிலங்களும் இதே வழியில் போயின. 1886ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றுப் பக்கம் சிலாங்கூர் ஒரு பாதை போட்டது. 1891ல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு ஒரு தனியார் நிறுவனம் போட்டது. 1890களின் நடுவில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்துக்காக ஈப்போவுக்கும் தெலுக் ஆன்சனுக்கும் இடையே ஒரு பாதை வந்தது. இன்று அது தெலுக் இந்தான். எல்லாமே கிழக்கிலிருந்து மேற்காக, சுரங்கத்திலிருந்து கடலுக்கு ஓடியவை. ஒரு பாதைக்கும் அடுத்ததற்கும் தொடர்பே கிடையாது. ஒரு மாநிலத்திலிருந்து அடுத்த மாநிலத்துக்குப் போக வேண்டுமானால் கரையோரக் கப்பல்தான் வழி.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் இங்கே விடை உண்டு. இந்தியாவில் ரயில் நிறுவனங்கள் லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டின. லாபத்துக்கு அரசே உத்தரவாதம் கொடுத்தது. மலாய் மாநிலங்களின் அரசுப் பாதைகள் பெரும்பாலும் மாநில வருவாயிலிருந்தே எழுந்தன. அந்த வருவாயின் முதுகெலும்பு ஈய ஏற்றுமதி வரி. ஈயம் தன்னைச் சுமந்துபோகும் பாதைக்குத் தானே கூலி கொடுத்தது. மேற்குக் கரை அளவுக்கு ஈயம் இல்லாத கிழக்குக் கரைக்கு ரயில் வெகுகாலம் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கேமாசிலிருந்து தும்பாட் வரையிலான கிழக்குக் கரைப் பாதை முழுமையானது 1931ல்தான்.

பிறைக்கு வந்த தண்டவாளம்

1896ல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவை ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்று ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ரெசிடென்ட் ஜெனரல் பிராங்க் சுவெட்டன்ஹாம் துண்டுப் பாதைகளைத் தெற்கு வடக்காக இணைக்க முனைந்தார். பினாங்குக்கு இது வாழ்வா சாவா என்ற நேரம். அதுவரை பேராக் ஈயம் கடல் வழியாக இயல்பாகவே பினாங்குக்கு வந்தது. தெற்கே நீளும் முதன்மைப் பாதை கிள்ளான் பக்கமே முடிந்திருந்தால் அந்தச் சரக்கு கை நழுவியிருக்கும். 1901ல் கிள்ளான் ஆற்று முகத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது, இன்றைய போர்ட் கிள்ளான். போட்டி கண்ணுக்கெதிரே எழுந்துகொண்டிருந்தது.

பினாங்குக்குக் கைகொடுத்தது எதிர்க்கரை. 1800லேயே கெடாவிடமிருந்து பெற்றுக்கொண்ட வெல்லஸ்லி மாநிலம், இன்றைய செபராங் பிறை, பினாங்கின் ஆட்சிக்குள் இருந்தது. அங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன; அந்தத் தோட்டங்களில் தமிழர்கள் இருந்தார்கள். 1899ல் பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து தெற்கே நிபோங் திபால், பாரிட் புந்தார் பக்கமாகத் தண்டவாளம் இறங்கிப் பேராக் பாதையோடு சேர்ந்தது. 1901ல் பேராக், சிலாங்கூர் ரயில்வேக்கள் ஒரே நிறுவனமாகி, சி.ஈ. ஸ்பூனர் அதன் பொது மேலாளரானார். 1903ல் பிறையில் ஏறியவர் சிரம்பானில் இறங்கலாம் என்றானது. 1909ல் பாதை ஜோகூர் பாருவைத் தொட்டது. வடக்கே கெடா வழியாக 1918ல் பாடாங் பெசாரை அடைந்து சயாம் ரயிலோடு கை கோத்தது. 1923ல் ஜோகூர் தரைப்பாலத்தின் மேல் ரயில் சிங்கப்பூருக்குள் நுழைந்தது.

ஒரே தலைமுறைக்குள் பிறை என்ற ஆற்றங்கரை ஊர் சிங்கப்பூரையும் பாங்காக்கையும் இணைக்கும் சந்தியானது. கிந்தாவின் ஈய மணல் வாகன்களில் பிறைக்கு வந்தது. அதை உருக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ்டவுனின் டத்தோ கிராமாட் சாலையிலும் உருக்காலைகள் எழுந்தன. அடுத்து ரப்பர் வந்தது. ஈயத்துக்குப் போட்ட பாதை பால்மரத் தோட்டங்களுக்கும் வழியானது. பினாங்கு தன் பின்னிலத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

தீவுக்குள் ஏன் வரவில்லை?

இவ்வளவு தூரம் வந்த ரயில் கடைசி 3 கிலோமீட்டரை ஏன் கடக்கவில்லை? முதல் காரணம் கடல். கப்பல்கள் போய்வரும் வழியில், அவற்றை மறிக்காத உயரத்தில் ரயில் பாலம் கட்டுவது அன்றைய வருமானத்துக்கு எட்டாத செலவு. ஜோகூர் நீரிணை இதைவிடக் குறுகலானது. அங்கே கல்லைக் கொட்டித் தரைப்பாலம் போட முடிந்தது. பினாங்கில் அப்படிச் செய்திருந்தால் துறைமுகத்தின் தெற்கு வாசலே அடைபட்டிருக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. அன்றைய வணிகத்துக்குப் பாலம் தேவைப்படவில்லை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கை ஏற்றி இறக்கத் தொங்காங் படகுகள் இருந்தன. பிறைக் கரையில் வாகனிலிருந்து இறங்கிய சரக்கு நேராகப் படகேறிக் கப்பலை அடைந்துவிடும். பயணிகளுக்கு ரயில்வேயின் சொந்தப் படகு இருந்தது. ஜார்ஜ்டவுனில் தேவைப்பட்டது பயணச்சீட்டு கொடுக்கவும் வணிகர்களிடம் பேசவும் ஒரு நல்ல அலுவலகம். மணிக்கூண்டுக் கட்டடம் அந்தத் தேவையை நிறைவு செய்தது. அதைக் குறையுள்ள நிலையம் என்று பார்ப்பதைவிட, கடலையும் பாதையின் ஒரு பகுதியாக எண்ணிய காலத்தின் முழுமையான நிலையம் என்று பார்ப்பதே சரி.

தீவுக்குள் தண்டவாளமே இல்லாமல் போகவில்லை. 1880களில் நீராவி டிராம் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மின்சார டிராம் வந்தது. 1936ல் டிராம்கள் நின்றன. பினாங்கு மலை ரயில் மட்டும் இன்றும் ஓடுகிறது. 1906 வரை நடந்த முதல் முயற்சி தோற்றபின், ரயில்வேயின் பொறியாளர் ஆர்னால்ட் ராபர்ட் ஜான்சன் சுவிட்சர்லாந்து மலை ரயில்களைப் பார்த்துவந்து புதிதாக வடிவமைத்தார். 1923 அக்டோபரில் பயணிகள் ஏறினார்கள். 1924 ஜனவரி 1ஆம் தேதி முறைப்படி திறந்தார்கள். ஆனால் இவை ஊருக்குள் ஓடிய வண்டிகள். தீவின் சோற்றுக்கு வழி செய்தது எதிர்க்கரையில் நின்ற ரயில்தான்.

அந்த எதிர்க்கரை பின்னாளில் கணக்கைத் திருப்பிப் போட்டது. 1967ல் பிறை ஆற்றின் மேல் ரயில் பாலம் வந்ததும் முனையம் பட்டர்வொர்த்துக்கு மாறியது. 1969ல் ஜார்ஜ்டவுன் தன் சுங்கவரியற்ற துறைமுக உரிமையை இழந்தது. கொள்கலன்களின் காலம் வந்தபோது ரயிலும் அகன்ற நிலமும் இருந்த பெருநிலக் கரைக்கே சரக்குத் துறைமுகம் போய்விட்டது. இன்று தீவின் சுவெட்டன்ஹாம் துறைக்கு உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. சரக்குக் கப்பல்கள் பட்டர்வொர்த்தில் நிற்கின்றன. தீவின் வணிகத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றிய ரயில், தான் நின்ற கரைக்கே துறைமுகத்தையும் இழுத்துக்கொண்டது. பினாங்கு ரயில் பற்றிய எழுத்துகளில் இந்தத் தொடர்பு போதிய அழுத்தம் பெறவில்லை.

கட்டியவர்களும் ஓட்டியவர்களும்

தைப்பிங் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படையின் இரண்டு பிரிவுகளைக் கொண்டுவந்தார்கள். இலங்கை மலைநாட்டில் சாலையும் பாதையும் வெட்டிப் பழகிய, தமிழர்களும் இருந்த படை அது. மலாயா ரயிலின் முதல் மண்வெட்டியிலேயே நம் வரலாறு தொடங்குகிறது.

அதன்பின் மூன்று வழிகளில் தமிழர்கள் இந்த ரயிலுக்கு வந்தார்கள். முதல் வழி கூலி உழைப்பு. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு கிராமங்களிலிருந்து சஞ்சிக்கூலிகள் என்ற ஒப்பந்தக் கூலிகளாகவும், பிறகு ஆள்திரட்டும் கங்காணி வழியாகவும் ஆட்கள் வந்தார்கள். தஞ்சையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 1860களின் தொடக்கத்திலேயே ரயில் ஓடியது. அந்த ரயிலில் துறைமுகம் வந்து, கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஜெரேஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் கிடந்து, பிறைக்குப் போய் இன்னொரு ரயிலேறித் தோட்டத்துக்குப் போனார்கள். தென்னிந்தியாவின் மீட்டர் பாதைகளும் மலாயாவின் மீட்டர் பாதையும் அவர்கள் வாழ்க்கையில் ஒரே பயணத்தின் இரண்டு துண்டுகள். சஞ்சி முறை 1910ல் முடிவுக்கு வந்தது. 1907ல் சட்டமான குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் வரி வாங்கி ஆட்களின் கப்பல் செலவை ஏற்றுக்கொண்டது. ரயில்வேயும் பொதுப்பணித் துறையும் தோட்டங்களுக்கு அடுத்தபடியாக இந்தியத் தொழிலாளரை அதிகம் வைத்திருந்தன. சதுப்பில் மண் மேடு எழுப்புவது, சல்லி கொட்டுவது, கட்டை மாற்றுவது, கொசுவும் காய்ச்சலும் நிறைந்த காட்டுப் பாதையில் தினமும் நடந்து தண்டவாளம் பார்ப்பது எல்லாம் இவர்கள் வேலை.

இரண்டாவது வழி எழுத்து வேலை. யாழ்ப்பாணத்தின் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை முதல் ரயில் ஓடியது 1902ல். கொழும்போடு பாதை இணைந்தது 1905ல். சொந்த ஊரில் ரயில் வருவதற்கு முன்பே யாழ்ப்பாணத்தார் பேராக்கிலும் சிலாங்கூரிலும் ரயில் நிலையங்களில் பணியாற்றினார்கள். அவர்கள் அனுப்பிய பணம் யாழ்ப்பாணக் கிராமங்களில் கல் வீடுகளாகவும் பள்ளிகளாகவும் எழுந்தது.

மூன்றாவது வழி துறைமுகம். ஜார்ஜ்டவுன் கரையில் மூட்டை தூக்கியவர்களிலும் படகு விட்டவர்களிலும் தமிழ் முஸ்லிம்கள் நிறைந்திருந்தார்கள். ரயில்வே ஏட்டில் இவர்கள் பெயர் இருக்காது. ஆனால் தண்டவாளம் நின்ற இடத்திலிருந்து கப்பல் நின்ற இடம் வரை சரக்கைச் சேர்த்தது இவர்களின் தோளும் துடுப்பும்தான். கடலும் பாதையின் பகுதி என்று ஒப்புக்கொண்டால் இவர்களையும் ரயில் தொழிலாளராகவே எண்ண வேண்டும்.

இந்த மூன்று பிரிவினரும் ஒரே வாழ்க்கை வாழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டரின் குவார்ட்டர்ஸ் வேறு, தண்டவாளத் தொழிலாளியின் லயம் வேறு. ஆங்கிலம், சாதி, ஊர், மதம் எல்லாம் நடுவே நின்றன. ஒரே மொழி பேசினார்கள் என்பதால் இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துப் பெருமை பேசுவது நேர்மையாகாது. அதே நேரம், ரயில் குடியிருப்புகளில்தான் பல ஊர்த் தமிழர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களானார்கள். கோயில் எழுப்பினார்கள், பள்ளி கேட்டார்கள். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில் இப்படி ரயில் தொழிலாளர் எழுப்பியது. நிலையப் பலகைகளில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழும் இருந்தது. கோலா செபாத்தாங்கில் எஞ்சியிருக்கும் போர்ட் வெல்ட் பலகை அதற்குச் சாட்சி.

இந்த உழைப்பின் மிகக் கொடிய அத்தியாயம் போர்க்காலத்தில் எழுதப்பட்டது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பிடுங்கிய தண்டவாளமும் அங்கே போனது. போனவர்களில் பெருந்தொகையினர் பசியிலும் காலராவிலும் மடிந்தார்கள். நேச நாட்டுக் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன, பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. மலாயா ரயிலின் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்தப் பாதையைத் தாய்லாந்தின் கதை என்று ஒதுக்க முடியாது.

எப்படி மதிப்பிடுவது?

இந்த வரலாற்றை இதுவரை மூன்று விதமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். முதல் விதம் பொறியாளர்களின் சாதனைக் கதை: பாலம், குகை, மைல் கணக்கு. அதில் உண்மை உண்டு; பேராக்கின் சதுப்பையும் மலையையும் அந்தக் காலத்துக் கருவிகளோடு கடந்தது சாதாரணமல்ல. இரண்டாவது விதம் சுரண்டலின் கதை: ஈயமும் ரப்பரும் வெளியே போகக் காலனியாதிக்கம் போட்ட வாய்க்கால். அதுவும் உண்மை, பாதைகளின் திசையே அதைச் சொல்கிறது. மூன்றாவது விதம் தேசத்தை இணைத்த கதை. அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது நோக்கமாக இருந்ததில்லை, விளைவாக வந்தது.

மூன்றிலும் இரண்டு பொருள்கள் இடம்பெறுவதில்லை. ஒன்று கடல். பினாங்கை நடுவில் வைத்துப் பார்த்தால்தான் ரயிலும் படகும் ஒரே அமைப்பு என்பது தெரிகிறது. பால்டிமோர் வணிகர்கள் மலை தாண்டிப் பாதை போட்டார்கள். பினாங்கு வணிகம் கடல் தாண்டிக் கை நீட்டியது. இரு இடத்திலும் துறைமுகம் தன் பின்னிலத்தை இழக்காதிருக்க முயன்றது. இரண்டாவது, உழைத்தவர்களின் பெயர். ஆளுநர்களின் பெயர் துறைகளுக்கும் ஊர்களுக்கும் சூட்டப்பட்டது. பாதை போட்டவர்களின் பெயர் சம்பளப் பட்டியலோடு போயிற்று.

இதைச் சரிசெய்யக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. இந்தியக் குடியேற்றத் துறையின் ஆண்டறிக்கைகளும் ரயில்வே அறிக்கைகளும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் தைப்பிங்கிலும் ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் ஓய்வூதியத் தாள்களும் புகைப்படங்களும் இருக்கின்றன. கோயில்களிலும் பள்ளிகளிலும் நன்கொடைக் கல்வெட்டுகளும் கணக்கேடுகளும் இருக்கின்றன. தமிழ் ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர் ஊராக இவற்றைத் திரட்டினால், அரசு அறிக்கைகள் விட்ட இடங்களை நிரப்பிவிடலாம். வெளிநாட்டு ஆய்வாளர் வந்து செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டிய வேலை இது இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவர்களால்தான் இதை நன்றாகச் செய்ய முடியும்.

இதற்கு இப்போது ஒரு வாய்ப்பும் வந்திருக்கிறது. 2025ல் பினாங்கின் முத்தியாரா எல்.ஆர்.டி. என்ற இலகு ரயில் தடத்தின் வேலைகள் தொடங்கின. தீவிலிருந்து கடலைக் கடந்து பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரலை எட்டும் பகுதியும் அத்திட்டத்தில் உண்டு. அது நிறைவேறினால், பிறைக்கு ரயில் வந்து நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், தண்டவாளம் முதல்முறையாக இந்தக் கடலைத் தாண்டும். புதிய நிலையங்களில் பழைய வரலாற்றுக்கு இடம் கொடுப்பார்கள்; படங்களும் பலகைகளும் வைப்பார்கள். அந்தப் பலகைகளில் லைட்டும் வெல்டும் சுவெட்டன்ஹாமும் தாமாகவே வந்துவிடுவார்கள். பயனியர் படையும் கங்காணி ஆட்களும் யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர்களும் தொங்காங் தொழிலாளரும் வர வேண்டுமானால், அதற்கான ஆதாரத்தை நாம் இப்போதே திரட்டி வைத்திருக்க வேண்டும்.